ஒரே வால்நட் மரம், மூன்று கிட்டார்கள்: நெக் நிலைத்தது, பிரிட்ஜ் பிளந்தது

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு பேர் நடத்தும் சிறிய கிட்டார் பட்டறை. அங்கே வழக்கமாகச் செய்வது மஹோகனி நெக்கும் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) ஈட்டி மரப் பிரிட்ஜும் (கம்பிகளின் அடிமுனையை உடலில் பிடிக்கும் கட்டை) கொண்ட அகூஸ்டிக் கிட்டார்கள். (உலகின் பல பட்டறைகளில் பிரிட்ஜுக்கு அறுபடுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான்.) 2014இல் அருகிலிருந்த பண்ணைக் குடும்பத்தின் கருப்பு வால்நட் மரம் ஒன்று புயலில் சாய்ந்தது. அதை விறகாக்க மனமில்லாமல் பலகையாக அறுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு கிட்டார் வேண்டும், முடிந்தவரை எல்லாம் அந்த மரத்திலிருந்தே வர வேண்டும் என்று பட்டறையைக் கேட்டார்கள்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் வால்நட் புதிதல்ல. நெக்கும் பிரிட்ஜும்தான் கேள்வி. அதிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கிப்சன் நிறுவனத்தின் ஜே-15 மாடலில் பிரிட்ஜும் ஃபிங்கர்போர்டும் (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை) வால்நட்தான். இந்தப் பட்டறையில் அதுவரை யாரும் செய்ததில்லை, அவ்வளவே.

இன்னொரு காரணமும் இருந்தது. மூவரில் இளையவர் ஜெர்மனியில் வசிக்கிறார். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட முழுவதும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டதால், ஈட்டிப் பிரிட்ஜ் உள்ள கிட்டாரை விலைக்கு விற்று எல்லை தாண்டி அனுப்ப அப்போது அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. வால்நட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபிங்கர்போர்டுக்கு மட்டும் ஆப்பிரிக்கக் கருங்காலி என்று முடிவானது. கேமரூனிலிருந்து வரும் அந்த மரம் பட்டியலில் இல்லை. வால்நட்டில் ஃபிங்கர்போர்டு செய்தால் கம்பியும் நகமும் சில ஆண்டிலேயே குழி பறித்துவிடும் என்பது பட்டறையின் கணிப்பு. ஜான்கா கடினத்தன்மையில் (மரத்தில் எஃகுக் குண்டைப் பதிக்க வேண்டிய விசை, பவுண்டில்) கருங்காலி 3,080, கருப்பு வால்நட் 1,010. மூன்றில் ஒரு பங்குதான்.

கையில் இருந்த மரம்

கொட்டகையில் இருந்தவை மூன்று வகை. அடிமரத்திலிருந்து அறுத்த 50 மி.மீ. பலகைகள், அதே அடிமரத்தின் 75 மி.மீ. கனத்த பலகைகள் இரண்டு, கிளை பிரியும் கவட்டையிலிருந்து எடுத்த அழகான இறகு வடிவ ரேகை ஓடும் கட்டைகள் சில.

கொட்டகையில் நான்கு ஆண்டு கிடந்த மரம் என்றதும் காய்ந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒஹாயோவில் திறந்த கொட்டகையில் மரத்தின் ஈரம் சுமார் 12, 13 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. கிட்டார் வேலைக்குச் சுமார் 6 முதல் 8 சதவீதம் வேண்டும். ஆகவே பலகைகளைப் பட்டறைக்குள் கொண்டுவந்து, 45 சதவீதக் காற்றீரப்பதம் காக்கப்படும் அறையில் இடைக்குச்சி வைத்து அடுக்கினார்கள். சில மாதத்தில் 50 மி.மீ. பலகைகள் 8.5 சதவீதத்தில் நின்றன. 75 மி.மீ. பலகையை ஓரமாக அறுத்து நடுவில் மானியின் ஊசியைக் குத்தியபோது 11 காட்டியது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம்.

வால்நட்டில் இது முக்கியம். பச்சையிலிருந்து முழுதாகக் காயும்வரை வால்நட் ஆரவாக்கில் (மையத்திலிருந்து பட்டை நோக்கி) 5.5 சதவீதமும் தொடுவாக்கில் (வளையங்களின் போக்கில்) 7.8 சதவீதமும் சுருங்கும். மஹோகனி முறையே சுமார் 3, 4 சதவீதம்தான். மஹோகனிக்குப் பழகிய கை, வால்நட்டை அதே அவசரத்தில் அறுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

நெக்: எடுத்த முடிவுகள்

வாடிக்கையாளருக்கு ஒரே கட்டையில் செதுக்கிய நெக் மேல் ஆசை. அதற்கு 75 மி.மீ. பலகைதான் தேவை. உள்ளே ஈரம் இருந்ததால் பட்டறை மறுத்துவிட்டது. பதிலாக 50 மி.மீ. பலகையை நெடுக்காக அறுத்து, வளர்ச்சி வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் துண்டுகளை மட்டும் எடுத்தார்கள். ஹெட்ஸ்டாக்கை (சுருதி முறுக்கும் ஆணிகள் உள்ள தலை) 14 பாகைச் சாய்வு ஒட்டிலும் ஹீலை (நெக் உடலில் சேரும் அடிப்பகுதி) அடுக்கு ஒட்டிலும் சேர்ப்பதென்று முடிவு. சாய்வு ஒட்டில் ஹெட்ஸ்டாக்கின் ரேகை அதன் நீளத்தோடு ஓடும். ஒற்றைக் கட்டையில் செதுக்கினால் நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் அருகே கம்பிகள் உட்காரும் பட்டை) பின்னால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, கிட்டார் கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த இடமாக இருக்கும்.

நான்கு துண்டுகளை 28 மி.மீ. கனத்தில் முரட்டாக அறுத்து ஆறு வாரம் தொங்கவிட்டார்கள். மூன்று அசையவில்லை. நான்காவது அறுக்கும்போதே ரம்பத்தைப் பிடித்தது. தொங்கவிட்ட முதல் இரண்டு வாரத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 1.5 மி.மீ. முறுக்கிக்கொண்டது. அது பெரிய கிளைக்கு நேர் கீழே இருந்த பகுதி, உள்ளே அழுத்தம் தேங்கியிருந்த மரம். அதை ஒதுக்கிவிட்டார்கள். இந்த ஆறு வாரத்தைச் சிக்கனம் செய்ய முடியாது. இழைத்து, டிரஸ் ராடு (நெக்கின் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு) பள்ளமும் வெட்டி, ஃபிங்கர்போர்டையும் ஒட்டிய பிறகு அந்த முறுக்கு தெரிந்திருந்தால் நெக்கோடு கருங்காலியும் போயிருக்கும்.

டிரஸ் ராடு இருபுறமும் திருகக்கூடிய வகை, 455 மி.மீ. நீளம். பள்ளம் 6.4 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம், அடியில் 5 மி.மீ. மரமாவது மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கார்பன் பட்டை வைக்கலாமா என்ற யோசனை எழுந்தது. வால்நட்டின் மீள்திறன் எண் சராசரியாக 11.6 ஜிகாபாஸ்கல், மஹோகனிக்கு 10 சுற்று. விறைப்பில் வால்நட் ஒரு படி மேல் என்பதால் தேவையில்லை என்று விட்டார்கள். எடையிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று: கன மீட்டருக்கு வால்நட் 610 கிலோ, மஹோகனி 590. மேப்பிள் நெக் போட்டால் கிட்டார் நெக் பக்கம் தலைசாயும். அந்தப் பிரச்சினை இதில் வராது.

கருங்காலியை நெக்கில் ஒட்ட மெதுவாக இறுகும் எபாக்ஸி. நீர் கலந்த பசை என்றால் ஒட்டும் முகம் ஈரம் குடித்து உப்பி, நெக் பின்னோக்கி வளையும்.

ஹீலை உடலோடு பிணைக்கும் இடத்தில் ஒரு பாடம் கிடைத்தது. பட்டறையின் வழக்கம், ஹீலின் நாக்கில் பித்தளைத் திருகுக் கூடுகளை இறக்கி, உள்ளிருந்து கால் அங்குல போல்ட்டால் இறுக்குவது. மஹோகனியில் அது பல்லாண்டு நின்றிருக்கிறது. வால்நட் துண்டு நாக்கில் சோதித்தபோது கூடு இறங்க இறங்க நாக்கு நெடுக்காகப் பிளந்தது. கூடு இறங்குவது ரேகையின் முனை வாக்கில். வால்நட் அங்கே எளிதில் வாய் பிளக்கும். எனவே கூட்டை விட்டுவிட்டு, நாக்கின் குறுக்கே 10 மி.மீ. துளை போட்டு எஃகு உருளை நட்டுகளைச் செருகினார்கள். இழுவிசை திருகுப் பல்லில் நிற்காமல், உருளைக்கு முன்னால் இருக்கும் மரம் முழுவதிலும் பரவுகிறது. மூன்று கிட்டாரிலும் இந்த இணைப்பு இன்றுவரை தளரவில்லை.

கறை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வால்நட்டில் டானின் அதிகம். ஈரமும் இரும்பும் சேர்ந்து பட்டால் கருநீலக் கறை விழும். ஹீல் ஒட்டும்போது பிதுங்கிய பசையில் ஒரு கிளாம்பின் இரும்புப் பட்டை தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் கழற்றினால் விரல் அகலத்துக்கு மை தீட்டியது போல ஒரு கோடு. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை இரண்டு முறை பூசி, கழுவி, காயவிட்டு நீக்கினார்கள். அதன் பிறகு எல்லாக் கிளாம்புக்கும் மெழுகுத்தாள் சுற்றினார்கள். ஃப்ரெட் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பளபளப்பாக்க எஃகுக் கம்பளியை நிறுத்திவிட்டு நைலான் தேய்ப்பானுக்கு மாறினார்கள். எஃகுக் கம்பளியின் தூள் மரத் துளைக்குள் தங்கினால் வார்னிஷ் ஏறும்போது கரும்புள்ளி கிளம்பும். துளைகள் பெரியவை என்பதால் நெக்கை எபாக்ஸியால் நிரப்பி, உப்புத்தாள் போட்டு, அதன் மேல்தான் வார்னிஷ்.

பிரிட்ஜ்: முதல் வடிவம்

நெக்குக்கு இவ்வளவு யோசித்தவர்கள் பிரிட்ஜுக்கு யோசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஈட்டிக்கு வைத்திருந்த அதே அச்சில் மூன்று வால்நட் பிரிட்ஜ்களை வெட்டினார்கள். நீளம் 152 மி.மீ., அகலம் 36, நடுவில் கனம் 9. சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டை) பள்ளம் 3.2 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம், சேடில் மேலே 4 மி.மீ. தெரியும். உச்சஸ்தாயி பக்கம் பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மரச் சுவர் 5 மி.மீ. பின் (கம்பி முனையைப் பிடிக்கும் முளை) துளைக்கும் சேடிலுக்கும் நடுவே சரிவுகளை ஆழமாக வெட்டியதால் கம்பிகள் சேடிலில் சுமார் 40 பாகை மடிந்தன.

இரண்டாவது, மூன்றாவது கிட்டார்களின் பிரிட்ஜ் நேரான ரேகையுள்ள அடிமரத்தில் வெட்டியது. முதல் கிட்டாருக்கு உரிய மூத்த மகள் கவட்டைக் கட்டையின் இறகு ரேகையைப் பார்த்துவிட்டு, பிரிட்ஜ் அதில்தான் வேண்டும் என்றார். அது தொடுவாக்கில் அறுபட்ட கட்டை. ஒப்புக்கொண்டார்கள்.

எடை 18 கிராம். அதே அச்சில் ஈட்டி 25, கருங்காலி 29 வரும். ஏழு கிராம் என்பது மேற்பலகைக்கு (அதிர்ந்து ஒலியெழுப்பும் ஸ்ப்ரூஸ் முகம்) பெரிய விடுதலை. ஸ்ட்ரிங் மாட்டியதும் தொட்ட உடனே சத்தம் எழுந்ததை இருவருமே கவனித்தார்கள். 12-53 கம்பி செட் (கனம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்), 645 மி.மீ. ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), மொத்த இழுவிசை சுமார் 73 கிலோ. 2018 இலையுதிர் காலத்தில் முதல் இரண்டு கிட்டார்களும் கைமாறின. மூன்றாவது, இளையவர் வசந்தத்தில் ஊருக்கு வரும்போது எடுத்துச் செல்லப் பட்டறையிலேயே இருந்தது.

முதல் குளிர்காலத்தில் கண்டவை

2019 பிப்ரவரியில் முதல் கிட்டார் திரும்பி வந்தது. புகார்: மேல் ஃப்ரெட்களில் சுருதி ஏறுகிறது, கம்பி தாழ்ந்துவிட்டது, ஸ்ட்ரிங் மாற்றும்போது பின்களுக்கு நடுவே ஒரு கோடு தெரிகிறது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் இரண்டாவது பின் துளையிலிருந்து ஐந்தாவது வரை மயிரிழை வெடிப்பு. ஒவ்வொரு துளையையும் தொட்டுத் தொட்டு ஓடியது. கம்பியைத் தளர்த்தாமல் சேடிலின் பின்புறம் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தால் 0.3 மி.மீ. தகடு உள்ளே போனது. சேடில் ஸவுண்ட்ஹோல் (மேற்பலகை நடுவிலுள்ள ஒலித்துளை) பக்கம் சாய்ந்திருந்தது. சாயும்போது கம்பியின் தொடுபுள்ளி முன்னே வரும், உயரமும் குறையும். சுருதி ஏறியதற்கும் கம்பி தாழ்ந்ததற்கும் அதுவே காரணம். தடித்த கம்பிகளின் துளை விளிம்புகள் முன்பக்கமாக நசுங்கியிருந்தன.

நெக்கில் எந்தப் பழுதும் இல்லை. ரிலீஃப் (நெக்கின் சிறு முன்வளைவு) செப்டம்பரில் 0.20 மி.மீ. வைத்தது, இப்போது 0.12. டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் சரியானது. முறுக்கு இல்லை. ஃப்ரெட் முனைகள் லேசாகத் தட்டுப்பட்டன. அது கருங்காலி சுருங்கியதால்.

அந்த வீட்டில் விறகு அடுப்பு. கிட்டார் தொங்கிய அறையில் காற்றீரப்பதம் 25 சதவீதம் என்று வீட்டிலிருந்த மானி காட்டியதாகச் சொன்னார். அந்த வறட்சியில் மரம் 5.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டாவது கிட்டாரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். அதன் உரிமையாளர் பெட்டிக்குள் ஈரப்பொதி வைத்திருந்தார். பிரிட்ஜில் வெடிப்பு இல்லை. சேடிலுக்குப் பின்னால் 0.1 மி.மீ. இடைவெளி, துளை விளிம்பில் அதே நசுங்கல்.

ஏன் பிளந்தது

பிரிட்ஜைச் சூட்டுத் தகட்டால் சுமார் 75 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியால் நான்கு மூலையிலிருந்தும் கழற்றினார்கள். ஒட்டு முகம் முழுதாக இருந்தது. பசையின் குற்றமோ மேற்பலகையின் குற்றமோ அல்ல. பிரிட்ஜைத் திருப்பி அடிமுகத்தை ஈரத்துணியால் துடைத்ததும் கதை தெரிந்தது. இறகு ரேகை அழகாக விரியும் இடமும் பின் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. அங்கே நார்கள் பிரிட்ஜின் நீளத்தோடு ஓடாமல் மேலேறி முகத்தில் முடிந்தன.

அதற்கு மேல் இரண்டு விசைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

முதலாவது சுருக்கம். பிரிட்ஜின் ரேகை கிட்டாரின் குறுக்கே ஓடுகிறது, அடியிலுள்ள ஸ்ப்ரூஸ் ரேகை நெடுக்கே ஓடுகிறது. பிரிட்ஜ் தன் 36 மி.மீ. அகலத்தில் சுருங்கப் பார்க்கும். ஸ்ப்ரூஸோ அந்தத் திசையில் நடைமுறையில் சுருங்கவே சுருங்காது. வால்நட்டின் தொடுவாக்கு மாறுதல் ஒரு சதவீத ஈரத்துக்கு 0.00274. 8.5இலிருந்து 5.3க்கு இறங்கினால் 36 மி.மீ.க்கு 0.32 மி.மீ. ஒட்டியிருப்பதால் சுருங்க வழியில்லை, அத்தனையும் ரேகைக்குக் குறுக்கான இழுவிசையாக மாறும். எங்கே மரம் குறைவோ அங்கே கிழியும். முதல் துளையின் வெளி விளிம்பிலிருந்து ஆறாவதின் வெளி விளிம்பு வரை 59 மி.மீ.; அதில் ஆறு துளைகள் 31 மி.மீ.யைத் தின்றுவிட்டன. மிச்சம் 28. தபால்தலைத் தாளின் துளைக்கோடு எதற்கோ அதற்குத்தான் இந்த வரிசையும் உதவியது.

இரண்டாவது சேடில். கம்பி 40 பாகை மடிந்தால், 73 கிலோ இழுவிசையில் சேடிலைக் கீழே அழுத்துவது சுமார் 47 கிலோ, முன்னே தள்ளுவது 17 கிலோ. அந்த 17 கிலோ, பள்ளத்துக்கு மேலே 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் சேடிலை நெம்புகோலாக்கி 5 மி.மீ. சுவரைத் தள்ளுகிறது. ஈட்டியின் ஜான்கா 2,440, சுவர் தாங்கிக்கொள்ளும். வால்நட் நசுங்குகிறது. பட்டறையின் பழைய அச்சு ஈட்டியின் கடினத்தை நம்பி வரைந்தது. மரம் மாறியபோது அச்சும் மாறியிருக்க வேண்டும் என்பதே இந்த நிகழ்வின் மையம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. நேர் ரேகை வால்நட், கவட்டை வால்நட், ஈட்டி மூன்றிலும் ஒரே அளவுத் துண்டு எடுத்து, ஆறு துளை போட்டு, கூம்பு எஃகு முளையைத் தட்டித் தட்டி இறக்கினார்கள். கவட்டை சில தட்டிலேயே பிளந்தது. நேர் ரேகைத் துண்டு ஈட்டிக்கு முன்னால் பிளந்தாலும் கவட்டையைவிட வெகுநேரம் தாங்கியது. வால்நட் என்ற மரத்தைவிட எந்த இடத்து வால்நட் என்பதில்தான் பெரிய வேறுபாடு.

மூன்று வழிகள்

வெடிப்பில் நீர்த்த சூப்பர் குளூ விட்டு, சேடிலை மாற்றித் தருவது முதல் வழி. ஒரு மணி நேர வேலை. ஆனால் சுருக்கமும் நெம்பலும் அப்படியே இருக்கும். அடுத்த குளிரில் பக்கத்தில் வெடிக்கும். இரண்டாவது வழி ஈட்டிப் பிரிட்ஜ். உறுதியானது. மூத்த மகளும் சம்மதித்தார். ஆனால் மூன்றாவது கிட்டாருக்கு அனுமதிப் பத்திரப் பிரச்சினை திரும்பி வரும், குடும்பத்தின் அடிப்படை விருப்பமும் போய்விடும். மூன்றாவது வழி, வால்நட்டுக்கென்று அளவுகளைப் புதிதாக வகுத்து நேர் ரேகையில் மறுபடி செய்வது. இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் இரண்டு குளிர்காலம் தாங்காவிட்டால் செலவில்லாமல் ஈட்டிக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். நியாயமான ஏற்பாடு.

புதிய பிரிட்ஜ்

முதல் கட்டுப்பாடு: மேற்பலகையில் பின் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன, சுருதிக்காகச் சேடிலின் இடமும் மாறக் கூடாது. ஆகவே பிரிட்ஜை வளர்க்க முடிந்த திசை முன்னோக்கி மட்டுமே. முன் விளிம்பை 3 மி.மீ. ஸவுண்ட்ஹோல் பக்கம் நகர்த்தி, அகலத்தை 39 ஆக்கினார்கள். சேடிலுக்கு முன்னால் சுவர் குறைந்த இடத்தில் 8 மி.மீ. ஆனது. நீளம் 156, பழைய தடம் முழுவதும் மறைந்தது. புதிதாக மூடப்படும் இடத்தில் வார்னிஷைக் கத்தியால் கோடிட்டு, உளியால் சுரண்டி வெறும் ஸ்ப்ரூஸ் வரை எடுத்தார்கள். கோடு போடும் கத்தி மரத்தில் இறங்கக் கூடாது. இறங்கினால் மேற்பலகையின் வெடிப்பை நாமே தொடங்கி வைக்கிறோம்.

கனம் 9இலிருந்து 10. மேற்பலகையிலிருந்து கம்பி உயரம் முன்போலவே 13 மி.மீ. என்பதால் சேடில் இப்போது 3 மி.மீ. மட்டுமே நீட்டும். பள்ளத்தின் ஆழம் 6, அடியில் 4 மி.மீ. மரம். சேடிலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளத்துக்குள் நிற்கிறது.

கம்பி மடிப்பை 28 பாகைக்குக் குறைத்தார்கள். முன் தள்ளல் 17 கிலோவிலிருந்து எட்டரைக்கு இறங்குகிறது. கீழ் அழுத்தம் 34 கிலோ, சத்தத்துக்கு அது போதும். கூடவே பள்ளத்தைப் பின்னோக்கி 8 பாகை சாய்த்து வெட்டினார்கள். மொத்த விசை செங்குத்திலிருந்து 14 பாகை விலகி விழுவதால், சாய்ந்த சேடில் அதைப் பெரும்பாலும் தன் நீள வாக்கிலேயே வாங்கிக்கொள்கிறது; சுவரைத் தள்ளுவது 4 கிலோவுக்கும் கீழே. சாய்த்து வெட்ட ரவுட்டரை ஆப்புப் பலகைமேல் ஓட்ட வேண்டும். இப்படிப்பட்ட சேடிலை வருங்காலத்தில் தாழ்த்தும்போது தொடுபுள்ளியும் கொஞ்சம் முன்னே வரும் என்பதை ரிப்பேர் செய்பவர் அறிந்திருக்க வேண்டும். உள்ளே சீட்டு ஒட்டி வைத்தார்கள்.

அடிமுகத்தில் 0.6 மி.மீ. மேப்பிள் வெனீரை, ரேகை பிரிட்ஜுக்குக் குறுக்காகவும் ஸ்ப்ரூஸுக்கு இணையாகவும் ஓடும்படி ஒட்டினார்கள். பின் வரிசையை ஒரு பிளவு கடக்கப் பார்த்தால் மேப்பிள் நார் குறுக்கே நின்று பிடிக்கும். துளைகளைக் கூம்பாக்கும் முன், விளிம்பில் மட்டும் இரண்டு சொட்டு நீர்த்த சூப்பர் குளூ விட்டு இறுகவிட்டு, பிறகு 5 பாகை ரீமரால் முடித்தார்கள். நசுங்கலைத் தள்ளிப்போட இது எளிய வழி.

இவை அனைத்தையும்விட எங்கள் மதிப்பில் பெரியது, செலவே இல்லாத ஒரு மாற்றம்: பிரிட்ஜ்களை ஒட்டும் முன் 35 சதவீதக் காற்றீரப்பதம் உள்ள மூடிய பெட்டியில், எடை மாறாமல் நிற்கும்வரை வைத்தார்கள். மரம் 7 சதவீதத்துக்கு வந்தது. ஆரவாக்கு மாறுதல் 0.0019, 7இலிருந்து 5.3க்கு இறங்கினால் 39 மி.மீ.க்கு 0.13 மி.மீ. முன்பு 0.32. கோடையில் பிரிட்ஜ் உப்பும், ஆனால் அது அழுத்தமாகவே விழும். மரம் குறுக்கே அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

ஒட்டியது வச்சிரத்தில் (விலங்குத் தோல் பசை), பிரிட்ஜைச் சூடாக்கி, மூன்று கிளாம்பில். ஒரு நாள் கழித்துக் கிளாம்பைக் கழற்றி, மேலும் இரண்டு நாள் விட்டே கம்பி ஏற்றினார்கள். எடை 23 கிராம். முதலில் கிடைத்த 18 கிராமின் துள்ளல் கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனாலும் ஈட்டியைவிட லேசு.

அதன் பிறகு

முதல் கிட்டாருக்கும் மூன்றாவதுக்கும் புதிய பிரிட்ஜ். இரண்டாவதைக் கழற்றவில்லை. வெடிக்காத பிரிட்ஜைச் சூடாக்கிப் பெயர்ப்பதும் மேற்பலகைக்கு ஓர் ஆபத்துதான். இறுக்கமாகப் பொருந்தும் புதிய சேடில், விளிம்பில் சூப்பர் குளூ, சரிவுகளில் சிறு துண்டு வால்நட் ஒட்டி மடிப்பைக் குறைத்தது, இவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு குளிர்காலம் கழிந்து மூன்றையும் பார்த்தபோது, முதல் கிட்டாரின் சேடிலுக்குப் பின்னால் மிக மெல்லிய 0.05 மி.மீ. தகடும் நுழையவில்லை. பின் வரிசை சுத்தம். வீட்டில் அடுப்பு அதேதான். அறையில் ஈரப்பதமூட்டி ஒன்று வந்திருந்தது, அதன் பங்கையும் மறுப்பதற்கில்லை. மூன்றாவது கிட்டாரும் நலம். இரண்டாவதில் வெடிப்பு வரவில்லை, ஆனால் ஆறாவது கம்பித் துளையின் விளிம்பு மீண்டும் நசுங்கத் தொடங்கியிருக்கிறது. நெக் மூன்றும் பருவத்துக்குப் பருவம் 0.1 மி.மீ. ரிலீஃப் அசைவோடு நிற்கின்றன. நிறம் மட்டும் மாறுகிறது: வெயில் பட்ட இடத்தில் வால்நட் ஆண்டுக்காண்டு வெளுக்கும், கருங்காலி அப்படியே இருக்கும்.

2019 நவம்பர் 26 முதல், முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு டால்பெர்ஜியா கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டது. இதே வேலை ஓராண்டு தள்ளி வந்திருந்தால் மூன்றாவது கிட்டாருக்குப் பத்திரக் காரணம் இருந்திருக்காது.

இனி மாற்றுபவை

நெக்கில் மாற்ற ஒன்றுமில்லை. 50 மி.மீ.க்கு மேல் கனமான பலகையில் நெக் கேட்டால் மறுப்பதும், முரட்டாக அறுத்து ஆறு வாரம் விடுவதும், உருளை நட்டும் பட்டறையின் நிரந்தர வழக்கமாகிவிட்டன.

கவட்டைக் கட்டையைப் பிரிட்ஜுக்குத் தருவதில்லை. அந்த அழகு வேண்டுமென்றால் ஹெட்ஸ்டாக் முகத்தில் 2 மி.மீ. தகடாக ஒட்டித் தருகிறார்கள். அங்கே எந்தச் சுமையும் இல்லை. புதிய கிட்டாரில் பின் துளைகள் இன்னும் போடப்படாததால், பின் வரிசையைச் சேடிலிலிருந்து ஒரு மி.மீ. பின்னே தள்ளி, நடுவிலுள்ள மரத்தைக் கூட்டலாம். மேற்பலகையின் அடியில் உள்ள மேப்பிள் தகட்டையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். இரும்பு கலந்த சாயத்தால் வால்நட் பிரிட்ஜைக் கறுப்பாக்கிக் கருங்காலிபோல் காட்டக் கேட்பவர்கள் உண்டு. டானினால் நிறம் நன்றாகவே ஏறும். ஆனால் ஒட்டு முகத்திலும் துளைகளிலும் அந்தக் கரைசல் படக் கூடாது, ஒட்டும் முன் மறுபடி 7 சதவீதத்துக்குக் காய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் செய்கிறார்கள்.

மடிப்பு 28 பாகை சரியா, 25 போதுமா என்பது அடுத்த கிட்டாரில் பார்க்க வேண்டியது. இரண்டாவது கிட்டார் ஃப்ரெட் வேலைக்கு வரும்போது அதன் பிரிட்ஜையும் புதிய அளவில் மாற்றுவதென்று நடு மகனோடு பேசி வைத்திருக்கிறார்கள். அதற்கான நேர் ரேகைக் கட்டை அதே அடிமரத்திலிருந்து அறுத்து, எடை குறித்து, பெட்டியில் இருக்கிறது.